கணினி நீர்க்குளிர்ப்பு: பெட்டிக்குள் ரேடியேட்டரும் விசிறிகளும் பொருத்துதல்

கணினி நீர்க்குளிர்ப்பு என்பது கணினிச் செயலியில் உண்டாகும் வெப்பத்தைக் குழாய்களில் ஓடும் திரவத்தின் மூலம் ஒரு ரேடியேட்டருக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து விசிறிகளின் உதவியால் காற்றில் வெளியேற்றும் முறையாகும். காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு, கணினி விளையாட்டு, செயற்கை நுண்ணறிவுக் கணிப்பு போன்ற கடும் வேலைகளைச் செய்யும் மேசைக் கணினிகளில் இது பயன்படுகிறது.

இம்முறையின் பலன் கருவியின் விலையைக் காட்டிலும் அது பொருத்தப்படும் இடத்தையும் திசையையும் சார்ந்துள்ளது. தவறான இடத்தில் பொருத்தப்பட்ட விலையுயர்ந்த ரேடியேட்டரில் பம்பு விரைவில் பழுதாகலாம். விசிறி தலைகீழாக இருந்தால் வெப்பம் பெட்டிக்குள்ளேயே சுற்றிவரும். நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம், தாம்பரம் போன்ற தென்சென்னைப் புறநகர்களில் வெப்பம், தூசி, கடற்காற்று, உப்புத் தண்ணீர் ஆகிய நான்கும் ஒன்றாக இருப்பதால் இங்கு கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

தத்துவம்

சூடான பொருளின் வெப்பத்தைக் காற்றுக்கு மாற்ற இரண்டு வழிகள் உண்டு. சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு புல்லட் வண்டியின் எஞ்சினைச் சுற்றி உலோகத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஓடும்போது வீசும் காற்று அத்தகடுகளைக் குளிர்விக்கிறது. இது காற்றுக்குளிர்ப்பு. அதே நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஹிமாலயன் 450 வண்டியில், எஞ்சினைச் சுற்றி ஓடும் திரவம் வெப்பத்தை வாங்கி முன்பக்க ரேடியேட்டருக்குக் கொண்டுசெல்கிறது. இது நீர்க்குளிர்ப்பு. நாவலூருக்குத் தெற்கே கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையம், தன் நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்குவதற்குக் கடல்நீரைப் பயன்படுத்துகிறது. அளவில் வேறுபட்டாலும் மூன்றிலும் நடப்பது வெப்ப இடமாற்றமே.

ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1 பாகை செல்சியசு உயர்த்த ஏறத்தாழ 4,186 ஜூல் வெப்பம் தேவை. ஒரு கிலோகிராம் காற்றுக்கு ஏறத்தாழ 1,005 ஜூல் போதும். காற்றின் அடர்த்தி மிகக் குறைவு. எனவே கன அளவில் ஒப்பிட்டால், ஒரு லிட்டர் நீர் ஒரு லிட்டர் காற்றைப் போல 3,500 மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சுமக்க வல்லது.

எடுத்துக்காட்டாக, 250 வாட் வெப்பம் வெளியிடும் செயலி ஒன்றைக் கொள்வோம். குழாயில் நிமிடத்துக்கு 1 லிட்டர் நீர் ஓடினால், செயலியைத் தாண்டும்போது அந்நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 3.6 பாகை மட்டுமே உயரும். அதே வெப்பத்தை ரேடியேட்டரில் காற்றுக்கு மாற்றும்போது, நிமிடத்துக்கு 1,700 லிட்டர் காற்று வீசினாலும் அக்காற்று ஏறத்தாழ 7.7 பாகை சூடாகும். இந்த இரண்டாவது எண், ரேடியேட்டருக்கான இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மீண்டும் பயன்படும்.

நீர் வெப்பத்தைச் சுமந்து செல்கிறதே தவிர அதை அழிப்பதில்லை. இறுதியில் வெப்பம் முழுவதும் அறைக் காற்றுக்கே போய்ச் சேர்கிறது. ஆகவே ரேடியேட்டரும் விசிறியும் மட்டும் கொண்டு செயலியை அறை வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்க இயலாது.

வரலாறு

பெருங்கணினிகளில் திரவக் குளிர்ப்பு நெடுங்காலமாக உள்ளது. 1980இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 3081 கணினியின் சிப்புத் தொகுதிகள் நீரால் குளிர்விக்கப்பட்டன. 1985இல் வெளிவந்த கிரே-2 மீக்கணினியின் மின்சுற்றுகள், மின்சாரம் கடத்தாத ஃபுளோரினெர்ட் என்ற திரவத்தில் முழுவதுமாக மூழ்கியிருந்தன. மேசைக் கணினிகளில், 2004இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட பவர் மேக் ஜி5 வரிசையின் 2.5 கிகாஹெர்ட்சு கணினி திரவக் குளிர்ப்புடன் விற்கப்பட்டது.

தமிழ்நாட்டில், திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று தொடங்கிவைக்கப்பட்ட 'பரம் பொருள்' மீக்கணினி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தேசிய மீக்கணினித் திட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட அதன் திறன் 838 டெராஃபிளாப்ஸ். மின்செலவைக் குறைக்கும் பொருட்டு, சிப்பின் மீதே திரவம் ஓடும் தொகுதியை வைத்துக் குளிர்விக்கும் நேரடித் தொடர்புத் திரவக் குளிர்ப்பு அதில் கையாளப்படுகிறது. வீட்டுக் கணினியில் பொருத்தப்படும் நீர்க்குளிர்ப்புக் கருவியின் அடிப்படையும் இதுவே.

பாகங்கள்

நீர்த்தொகுதி: செயலியின் மேல் அமரும் செப்புத் தகடு. இதன் உள்ளே மெல்லிய வாய்க்கால்கள் இருக்கும். திரவம் வெப்பத்தை வாங்கும் இடம் இது.

பம்பு: திரவத்தைச் சுற்றிவரச் செய்வது. ஆயத்தமாக விற்கப்படும் பெரும்பாலான கருவிகளில் இது நீர்த்தொகுதியின் மேலேயே இருக்கும்.

ரேடியேட்டர்: தட்டையான குழாய்களும் அவற்றுக்கு இடையே மெல்லிய உலோக மடிப்புகளும் கொண்டது. இரு முனைகளிலும் சிறு தொட்டிகள் உண்டு.

விசிறிகள்: ரேடியேட்டரின் மடிப்புகளுக்கு இடையே காற்றைச் செலுத்துபவை.

குழாய்களும் திரவமும்: திரவம் என்பது பெரும்பாலும் தூய நீருடன் உறைவெதிர்ப்பிகளும் துருத்தடுப்பிகளும் கலந்த கலவை.

இக்கருவிகள் இரு வகைப்படும். தொழிற்சாலையிலேயே திரவம் நிரப்பி மூடப்பட்டு வருவது மூடிய வகை. கடைகளில் இது ஏஐஓ எனப்படுகிறது. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, இணைத்து, திரவம் நிரப்புவது திறந்த வகை. முதல்முறை பொருத்துவோருக்கு மூடிய வகையே ஏற்றது.

பெட்டியை அளத்தல்

ரேடியேட்டர்கள் அவற்றில் பொருந்தும் விசிறிகளின் அளவால் பெயர் பெறுகின்றன. 120 மி.மீ. விசிறி இரண்டு பொருந்துவது 240. மூன்று பொருந்துவது 360. அதேபோல் 140 மி.மீ. விசிறி இரண்டு பொருந்துவது 280. மூன்று பொருந்துவது 420. திருகுத் துளைகளுக்கு இடையிலுள்ள தொலைவு 120 மி.மீ. விசிறியில் 105 மி.மீ.; 140 மி.மீ. விசிறியில் 124.5 மி.மீ. ஆகவே ஒன்றுக்கான இடத்தில் மற்றொன்று பொருந்தாது.

பெயரிலுள்ள எண் ரேடியேட்டரின் முழு நீளம் அன்று. முனைத் தொட்டிகளையும் சேர்த்தால் 240 வகை ஏறத்தாழ 275 மி.மீ. நீளமும், 360 வகை ஏறத்தாழ 395 மி.மீ. நீளமும் இருக்கும். மூடிய வகை ரேடியேட்டரின் தடிமன் பெரும்பாலும் 27 மி.மீ.; விசிறியின் தடிமன் 25 மி.மீ. இரண்டும் சேர்ந்தால் 52 மி.மீ. பெட்டியின் மேற்கூரைக்கும் மதர்போர்டுக்கும் இடையே இந்த அளவு இடம் வேண்டும். உயரமான ரேம் பலகைகளில் விசிறி இடிப்பது அடிக்கடி நேரும் தவறு. முன்பக்கத்தில் பொருத்தினால் இதே 52 மி.மீ. கிராஃபிக்ஸ் கார்டுக்கான நீளத்தில் குறையும்.

எனவே அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலோ இணையத்திலோ வாங்குவதற்கு முன், பெட்டியின் கையேட்டில் எந்தப் பக்கத்தில் எந்த அளவு பொருந்தும் என்பதைப் பார்த்து, டேப் கொண்டு ஒருமுறை அளந்தும் கொள்ள வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

எந்த மூடிய கருவியிலும் சிறிதளவு காற்று உள்ளே இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல, குழாய்ச் சுவரின் வழியே திரவம் மிகச் சிறு அளவில் ஆவியாகி வெளியேறுவதால் அக்காற்றின் அளவு கூடும். காற்று எப்போதும் சுற்றின் உச்சிக்கே செல்லும். ஆகவே பொருத்துபவர் கவனிக்க வேண்டியது, சுற்றின் உச்சியில் எந்தப் பாகம் இருக்கிறது என்பது.

உச்சியில் ரேடியேட்டரின் முனைத் தொட்டி இருந்தால் காற்று அங்கே தங்கிவிடும், கேடில்லை. உச்சியில் பம்பு இருந்தால் காற்றுக் குமிழ்கள் அதற்குள் புகும். அப்போது களகளவென்று ஓசை எழும், ஓட்டம் குறையும், திரவத்தின் மசகு கிடைக்காமல் பம்பு தேயும். எனவே பின்வரும் விதி எல்லாப் பெட்டிகளுக்கும் பொருந்தும்: ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

மேற்பக்கம்: ரேடியேட்டர் முழுவதும் பம்புக்கு மேலே இருப்பதால் இதுவே பாதுகாப்பான இடம். சூடான காற்று நேராக வெளியேறும்.

முன்பக்கம்: ரேடியேட்டரின் உச்சி பம்புக்கு மேலே இருந்தால் பொருத்தலாம். குழாய்கள் கீழ்நோக்கி இருப்பது சிறந்தது. அப்போது காற்று, குழாய் இணையாத மேல்முனையில் ஒதுங்கிவிடும். குழாயின் நீளம் போதவில்லை எனில் மேல்நோக்கியும் வைக்கலாம். ஆனால் சிறிது ஓசை கேட்கக்கூடும்.

பின்பக்கம்: 120 அல்லது 140 அளவு ரேடியேட்டர் மட்டுமே பொருந்தும். குறைந்த வெப்பம் வெளியிடும் செயலிகளுக்கு ஏற்றது.

அடிப்பக்கம்: பம்பு சுற்றின் உச்சிக்கு வந்துவிடுவதால் இங்கு பொருத்தக் கூடாது.

மேற்பக்கமா முன்பக்கமா என்பது கணினியின் வேலையைப் பொறுத்தது. முன்பக்கத்தில் வைத்தால் ரேடியேட்டருக்கு வெளிக்காற்று நேரடியாகக் கிடைக்கும். செயலி நன்கு குளிரும். ஆனால் மேலே கணக்கிட்டபடி 250 வாட் வெப்பத்தை வாங்கிய காற்று 7.7 பாகை சூடாகிப் பெட்டிக்குள் வரும். அறை 35 பாகை எனில் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 43 பாகைக் காற்று. விளையாட்டில் செயலி 100 வாட் மட்டுமே வெளியிடும் எனில் இந்த உயர்வு 3 பாகை அளவே இருக்கும். மேற்பக்கத்தில் வைத்தால் கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தூய காற்று கிடைக்கும். ரேடியேட்டருக்குச் சற்றுச் சூடான உட்காற்று கிடைக்கும். செயலி மட்டும் கடுமையாக உழைக்கும் கணினிக்கு முன்பக்கமும், கிராஃபிக்ஸ் கார்டு அதிகம் உழைக்கும் கணினிக்கு மேற்பக்கமும் பொருந்தும்.

விசிறியின் திசை

விசிறியின் ஒரு முகம் திறந்திருக்கும். மறுமுகத்தில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் இருக்கும். காற்று திறந்த முகத்தில் நுழைந்து, கம்பிகள் உள்ள முகத்தின் வழியே வெளியேறும். சில விசிறிகளின் ஓரத்தில் அம்புக்குறியும் இருக்கும். ஐயம் இருப்பின், கணினி ஓடும்போது பெட்டிக்கு வெளியே ஓர் ஊதுபத்தியைப் பிடித்தால் புகை செல்லும் திசை காட்டிக்கொடுக்கும்.

ரேடியேட்டரின் நெருக்கமான மடிப்புகளுக்குள் காற்றைச் செலுத்த அழுத்தம் வேண்டும். ஆதலால் அகன்ற இதழ்களைக் கொண்ட, நிலை அழுத்தம் மிகுந்த விசிறிகள் இதற்கு ஏற்றவை. ரேடியேட்டருக்குள் காற்றைத் தள்ளுமாறோ அதன் வழியே இழுக்குமாறோ விசிறியை வைக்கலாம். குளிர்ப்பில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் தள்ளும் முறையில் தூசி விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே மறைந்து படியும். இழுக்கும் முறையில் ரேடியேட்டரின் திறந்த முகத்தில் கண்ணுக்குத் தெரியுமாறு படியும்.

பெட்டிக்குள் வரும் காற்று வெளியேறும் காற்றைவிடச் சற்று மிகுதியாக இருப்பது நல்லது. அவ்வாறு இருந்தால் தூசிவடிகட்டி உள்ள வழியாகவே காற்று நுழையும். வெளியேற்றம் மிகுந்தால், மூடப்படாத ஒவ்வோர் இடுக்கின் வழியாகவும் தூசி உள்ளே இழுக்கப்படும்.

பொருத்தும் முறை

1. கணினியை அணைத்து மின்கம்பியைக் கழற்ற வேண்டும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னூட்டத்தை இறக்கிக்கொள்ள வேண்டும்.

2. விசிறிகளை ரேடியேட்டருடன் மேசையிலேயே இணைக்க வேண்டும். விசிறிக்கு நீளத் திருகும், ரேடியேட்டரை நேரடியாகப் பெட்டியுடன் இணைக்கக் குட்டைத் திருகும் கருவியுடன் தரப்பட்டிருக்கும். இவற்றை மாற்றிப் போட்டால் நீளத் திருகு ரேடியேட்டரின் குழாயைத் துளைத்துவிடும். அத்துளையை வீட்டில் அடைக்க இயலாது.

3. மதர்போர்டின் பின்புறத் தாங்கியையும் செயலிக்கு உரிய திருகுகளையும் பொருத்த வேண்டும். இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்கு இவை வேறுபடும்.

4. ரேடியேட்டரைப் பெட்டியில் வைத்து, எல்லாத் திருகுகளையும் தளர்வாகப் போட்ட பின்னரே ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும்.

5. நீர்த்தொகுதியின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க வேண்டும். தெர்மல் பேஸ்ட் முன்பே பூசப்பட்டு வராவிடில், செயலியின் நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும்.

6. நீர்த்தொகுதியைச் செயலியின் மேல் நேராக அமர்த்தி, திருகுகளை மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முதலில் இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும்.

7. குழாய்கள் மடங்காமலும் விசிறி இதழ்களில் உரசாமலும் செல்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

8. பம்பின் இணைப்பை மதர்போர்டில் பம்புக்கென உள்ள முனையிலும், விசிறிகளின் இணைப்பைச் செயலி விசிறி முனையிலும் செருக வேண்டும். பம்பு எப்போதும் கையேடு கூறும் முழு வேகத்தில் ஓட வேண்டும். வெப்பத்துக்கேற்ப வேகம் மாற வேண்டியவை விசிறிகள் மட்டுமே.

புறநகர்ச் சூழலும் பாதுகாப்பும்

வெப்பம்: சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 பாகை பதிவானது. கோடையில் குளிர்சாதனம் இல்லாத அறை 35 பாகையைத் தாண்டுவது இயல்பு. அறையின் வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் செயலியின் வெப்பநிலையும் ஏறத்தாழ அவ்வளவே உயரும். ஆகவே மே மாத அளவையும் டிசம்பர் அளவையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. செயலியின் வெப்பநிலையிலிருந்து அறையின் வெப்பநிலையைக் கழித்து வரும் வேறுபாட்டையே ஒப்பிட வேண்டும். அவ்வேறுபாடு மாதத்துக்கு மாதம் கூடினால் தூசி, பேஸ்ட், பம்பு ஆகியவற்றை ஆராய வேண்டும்.

தூசியும் கடற்காற்றும்: நாவலூர் வங்கக் கடலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. கட்டுமானத் தூசியும் ஈரமான உப்புக் காற்றும் சேர்ந்து ரேடியேட்டரின் மடிப்புகளில் பிசுக்குப் போல ஒட்டும். வடிகட்டியை இரு வாரத்துக்கு ஒருமுறையும், ரேடியேட்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் மென்தூரிகையால் சுத்தம் செய்வது நல்லது. காற்றூதி பயன்படுத்தும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர்: திறந்த வகைக் கருவியில் ஆழ்துளைக் கிணற்று நீரையோ லாரித் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ ஊற்றக் கூடாது. குழாய் வாயில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு, நீர்த்தொகுதியின் மெல்லிய வாய்க்கால்களையும் அடைத்துவிடும். உப்பு கலந்த நீர் உலோகத்தை அரிக்கும். கசிந்தால் மின்சாரத்தையும் கடத்தும். இதற்கென விற்கப்படும் திரவத்தையோ, காய்ச்சி வடித்த நீருடன் உரிய துருத்தடுப்பியையோ பயன்படுத்த வேண்டும். செப்பு நீர்த்தொகுதியுடன் அலுமினிய ரேடியேட்டரைத் தானாகச் சேர்ப்பதும் தவறு. இரு வேறு உலோகங்கள் ஒரே நீரில் இருக்கும்போது மின்கலம் போலச் செயல்பட்டு அலுமினியம் அரிக்கப்படும்.

பனிக்கட்டி: நீரில் பனிக்கட்டி சேர்த்தால் இன்னும் குளிரும் என்று சிலர் எண்ணுவதுண்டு. சென்னையின் ஈரக்காற்றில் பனிநிலை பல மாதங்களில் 25 பாகையை ஒட்டி இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்த குழாயில், குளிர்ந்த நீர்ச்செம்பின் மேல் முத்து முத்தாக நீர் கோப்பது போலவே நீர் கோத்து மதர்போர்டில் சொட்டும். அறை வெப்பநிலையிலுள்ள சாதாரண நீர்க்குளிர்ப்பில் இந்த இடர் இல்லை.

மின்தடை: மின்சாரம் திடீரென நின்றால் பம்பும் செயலியும் ஒன்றாகவே நிற்பதால் செயலி வெந்துவிடும் என்ற அச்சம் தேவையில்லை.

சோதனையும் பராமரிப்பும்

பொருத்திய பின் முதலில் பயாஸ் திரையிலேயே பம்பின் வேகத்தையும் செயலியின் வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். வெப்பநிலை நிற்காமல் ஏறிக்கொண்டே சென்றால் உடனே அணைத்து, பம்பின் இணைப்பையும் பிளாஸ்டிக் தாளையும் சரிபார்க்க வேண்டும். பின்னர் அரை மணி நேரம் கடும் வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். நீர் மெதுவாகச் சூடாவதால் முதல் ஐந்து நிமிட அளவை நம்பக் கூடாது. திறந்த வகையில், கணினியின் பிற பாகங்களுக்கு மின்சாரம் தராமல் பம்பை மட்டும் பல மணி நேரம் ஓட்டி, இணைப்புகளின் கீழே வெள்ளைத் தாள் வைத்துக் கசிவைச் சோதிப்பது வழக்கம்.

பம்பு நின்றுபோனால் இன்றைய செயலிகள் வேகத்தைக் குறைத்துத் தம்மைக் காத்துக்கொள்ளும். வெப்பம் மேலும் ஏறினால் கணினி தானாக அணையும். எனவே காரணமின்றிக் கணினி மந்தமாவது பம்பின் முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். மூடிய கருவியில் திரவத்தை மாற்ற முயலக் கூடாது. உத்தரவாதக் காலம் முடிந்தபின் தொல்லை தொடங்கினால் கருவியை மாற்றுவதே முறை.

தேவையைத் தீர்மானித்தல்

இன்டெல் கோர் ஐ9-13900கே செயலியின் உச்ச மின்னளவு 253 வாட். ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸ் செயலிக்கு அது 230 வாட். இத்தகைய செயலிகளை நீண்ட நேரம் முழுத் திறனில் ஓட்டுவோருக்கு 360 வகை நீர்க்குளிர்ப்பு பயன் தரும். பாடம், அலுவலகப் பணி, நிரலாக்கம், நடுத்தர விளையாட்டு ஆகியவற்றுக்கான 65 வாட் முதல் 120 வாட் வரையிலான செயலிகளுக்கு நல்ல காற்றுக்குளிர்ப்பானே போதும். அதில் பம்பு இல்லை, கசிவு இல்லை. விசிறி பழுதானால் குறைந்த செலவில் மாற்றிவிடலாம்.

இரண்டில் எதைத் தேர்ந்தாலும் பெட்டியின் முன்பக்கமும் பின்பக்கமும் சுவரையோ மேசைத் தடுப்பையோ ஒட்டியிருக்கக் கூடாது. வெளியேறிய சூடான காற்று மீண்டும் உள்ளே நுழைந்தால் எந்தக் குளிர்ப்பு முறையும் பயன் தராது. பெட்டியைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுவது செலவில்லாத முதல் படி. கருவி வாங்குவது அதன் பிறகு செய்ய வேண்டியது.